முதுகு ஊசியுடன் தூக்க மருந்து: டர்பன் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூட்டு மாற்று, இடுப்பெலும்பு முறிவு, குடலிறக்கம், புராஸ்டேட், ஆறாத நீரிழிவுப் பாதப் புண் என்று ஏதேனும் ஓர் அறுவைக்கு நாள் குறித்துவிட்டால், தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், சாட்ஸ்வர்த்திலும் பீனிக்ஸிலும் வெருலத்திலும் உள்ள நம் குடும்பங்களுக்கு முதலில் எழும் கவலை மயக்கம் பற்றியதாகவே இருக்கிறது. அறுவை அரங்கில் மயக்க மருத்துவர்களுக்கு உதவும் செவிலியராக நெடுங்காலம் பணியாற்றியவள் என்பதால், கோயில் மண்டபத்திலும் முதியோர் கூட்டங்களிலும் ஒரே விதமான சந்தேகங்கள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி, தெரிந்த விடைகளைத் தந்திருக்கிறேன். உங்கள் உடல்நிலையை நேரில் பார்த்த மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

முதுகில் ஊசி போட்டாலே இடுப்புக்குக் கீழே மரத்துப்போகுமே, பிறகு தூங்க வைக்க இன்னொரு மருந்து எதற்கு?

ஸ்பைனல் எனப்படும் முதுகு ஊசியின் வேலை வலியை நிறுத்துவது. தண்டுவடம் பெரியவர்களுக்கு முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுவதால், அதற்கும் கீழே, பொதுவாக மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில், மெல்லிய ஊசியைச் செலுத்தி, தண்டுவட நீரில் இரண்டு மூன்று மில்லிலிட்டர் பூப்பிவக்கேன் மருந்தைச் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் கால்கள் சூடாகி, கனத்து, பிறகு அசைக்க முடியாதவையாகிவிடும். மருந்தின் அளவைப் பொறுத்து இந்த மரப்பு இரண்டு முதல் மூன்று மணி நேரம் வரை நிற்கும்.

ஆனால் மனம் முழு விழிப்போடு இருக்கும். அரங்கு குளிராக இருக்கும். மூட்டு மாற்று அறுவையில் எலும்பை அறுக்கும் ரம்பத்தின் ஓசையும் சுத்தியல் அடியும் தெளிவாகக் காதில் விழும். இரண்டு மணி நேரம் அசையாமல் கிடப்பதால் மரத்துப்போகாத தோளும் கழுத்தும் வலிக்கத் தொடங்கும். இவற்றைத் தாங்குவதற்காகவே கை நாளத்தில் ஏற்றிய ஊசிக்குழாய் வழியே சிறிதளவு தூக்க மருந்து தரப்படுகிறது. இதையே செடேஷன் என்கிறோம். இது கட்டாயமானதன்று. விழித்திருக்கவே விரும்புகிறேன் என்று சொல்லி, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பக்திப் பாடல் கேட்டபடியே அறுவையை முடித்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் இதுவும் முழு மயக்கம்தானே?

இல்லை. முழு மயக்கத்தில் உங்களை யாராலும் எழுப்ப முடியாது. மூச்சுக்குழாயில் குழாய் வைத்தோ வேறு கருவியாலோ சுவாசத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். செடேஷனில் பல படிகள் உண்டு. முதல் படியில் பதற்றம் மட்டும் தணியும், பேச்சு இயல்பாக இருக்கும். அடுத்த படியில் கண் மூடியிருந்தாலும் பெயர் சொல்லி அழைத்தாலோ தோளைத் தொட்டாலோ பதில் சொல்வீர்கள். அதற்கும் கீழே இறங்கினால், வலி உண்டாக்கினால்தான் அசைவீர்கள், மூச்சும் தடுமாறத் தொடங்கலாம்.

முதுகு ஊசியோடு சேரும்போது இரண்டாவது படியைத் தாண்டி ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்வதே நல்ல மருத்துவரின் நோக்கம். எனினும் படிகளுக்கிடையே சுவர் எதுவும் கிடையாது. ஒருவருக்கு இரண்டாம் படியில் நிற்கும் அளவு, மெலிந்த முதியவர் ஒருவரை மூன்றாம் படிக்கே கொண்டுபோய்விடும். போதாததற்கு, முதுகு ஊசிக்கே லேசாகத் தூங்க வைக்கும் தன்மை உண்டு. உடலின் கீழ்ப்பாதியிலிருந்து மூளைக்கு எந்தச் செய்தியும் போகாதபோது மூளையின் விழிப்பும் தளர்கிறது. அதனால் வழக்கமான அளவைவிடக் குறைவான மருந்தே போதுமானதாகிறது.

எந்த மருந்தைக் கொடுப்பார்கள்? டோர்மிகம் என்று ஒன்றைச் சொன்னார்கள்.

டோர்மிகம் என்பது மிடாசோலம் மருந்தின் வணிகப் பெயர். நம் நாட்டில் வயதானவர்கள் பலருக்கும் பழக்கமான பெயர். நாளத்தின் வழியே ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம், முதியவர்களுக்கு அதிலும் பாதியாகத் தொடங்கி, விளைவைப் பார்த்துப் பார்த்துத் தருவார்கள். பதற்றத்தைத் தணிப்பதோடு, ஏற்றிய பிறகு நடப்பவற்றை நினைவில் பதியாமலும் செய்துவிடும். அளவு மிகுந்துவிட்டால் அதை முறிக்க ஃபுளுமாசெனில் என்ற மாற்று மருந்து உண்டு. ஆனால் அதன் வேலை மிடாசோலத்துக்கு முன்பே முடிந்துவிடக்கூடும் என்பதால், அது கொடுக்கப்பட்டவரை உடனே வார்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

பால் போல வெள்ளையாக இருப்பது புரொபோஃபால். பம்ப் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும். நிறுத்திய சில நிமிடங்களில் தெளிவு வந்துவிடும் என்பது அதன் பெரிய நன்மை. அதற்கு முறிவு மருந்து கிடையாது, இரத்த அழுத்தத்தையும் இறக்கும். முதுகு ஊசியும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்குவதால், முதல் இருபது நிமிடங்களில் இரண்டும் ஒன்றாகச் சேராதபடி மருத்துவர் காத்திருப்பார். டெக்ஸ்மெடிடோமிடின் என்பது மூச்சை அதிகம் பாதிக்காமல் இயற்கைத் தூக்கம் போன்ற நிலையைத் தரும். கூப்பிட்டால் கண் திறப்பார்கள், விட்டால் மறுபடி உறங்குவார்கள். முதுகு ஊசியின் நேரத்தையும் அது சற்று நீட்டிக்கும்; நாடித் துடிப்பை மெதுவாக்கும் என்பதால் ஏற்கெனவே துடிப்பு குறைந்தவர்களுக்கு எச்சரிக்கை தேவை. வலியைக் குறைக்கும் கெட்டமினும் ஃபென்டனிலும் சிறு அளவில், தேவையைப் பார்த்துச் சேர்க்கப்படும்.

எனக்கு ஊசி என்றாலே பயம். முதலில் தூங்க வைத்துவிட்டு, அப்புறம் முதுகில் குத்தினால் என்ன?

பயத்தைத் தணிக்கும் அளவுக்கு லேசாகத் தருவார்கள். ஆழ்ந்து தூங்க வைக்க மாட்டார்கள். முதுகை வளைத்து, அசையாமல் உட்கார்ந்திருக்க உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். அதைவிட முக்கியமாக, ஊசி ஏதேனும் நரம்பைத் தொட்டால் காலில் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்று இருக்கும். அதை நீங்கள் உடனே சொன்னால்தான் மருத்துவர் ஊசியை நிறுத்தி வேறு திசையில் செலுத்த முடியும். ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

இடுப்பெலும்பு முறிந்தவர்களை உட்கார வைப்பதோ ஒருக்களித்துப் படுக்க வைப்பதோ கொடிய வலி தருவது. அவர்களுக்குத் தொடையின் மேற்பகுதியில் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியை முதலில் போட்டோ, சிறிதளவு கெட்டமின் கொடுத்தோ, பிறகு முதுகு ஊசியைப் போடுவார்கள். உங்கள் வீட்டில் அத்தகைய நோயாளி இருந்தால், அசைக்கும்போது வலி தாங்க முடியாமல் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, இதைக் கேட்பதில் தவறில்லை.

பாதி அறுவையில் விழித்துக்கொண்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. நீங்கள் விழிப்பதற்கும் உறங்குவதற்கும் வலிக்கும் தொடர்பில்லை; வலியை நிறுத்துவது முதுகு ஊசி. இடையிடையே பேச்சுக் குரல் கேட்கலாம், காலை யாரோ இழுப்பது போலத் தெரியலாம், அழுத்தம் உணரலாம். இவை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை.

2014-இல் பிரிட்டனில் வெளிவந்த, மயக்கத்தின்போது விழித்திருந்ததாக வந்த புகார்களைப் பற்றிய பெரிய ஆய்வில், புகார் செய்தவர்களில் ஒரு பகுதியினர் உண்மையில் முழு மயக்கமே பெறாதவர்கள், செடேஷன் மட்டும் பெற்றவர்கள் என்று தெரியவந்தது. முழுதாகத் தூங்கிவிடுவோம் என்று நினைத்துப் போனவர்கள் குரல்களைக் கேட்டு அதிர்ந்திருக்கிறார்கள். முந்திய நாளே யாராவது உட்கார்ந்து விளக்கியிருந்தால் அந்த அதிர்ச்சி நேர்ந்திருக்காது. ஆகவே "எனக்கு எவ்வளவு தூக்கம் இருக்கும், எதையெல்லாம் கேட்பேன்" என்று மயக்க மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

வலி தெரிந்தால் தூக்க மருந்தைக் கூட்டிவிடுவார்கள், அப்படித்தானே?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு விடையைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால், இதைப் படியுங்கள். தூக்க மருந்து வலி நிவாரணி ஆகாது. முதுகு ஊசி சரியாக வேலை செய்யாமலோ, அறுவை நீண்டு மரப்பு குறைந்தோ வலி தெரிந்தால், புரொபோஃபாலைக் கூட்டுவதால் வலி நீங்காது. வலியைச் சொல்லும் திறன் மட்டுமே போகும், மூச்சும் ஆபத்துக்குள்ளாகும். அப்போது செய்ய வேண்டியது அறுவையைச் சற்று நிறுத்தி, வலி மருந்து தருவது, அறுவை மருத்துவர் அந்த இடத்தில் மரப்பு மருந்தைச் செலுத்துவது, அதுவும் போதாதென்றால் முறையான முழு மயக்கத்துக்கு மாறுவது.

அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன், குளிர்ந்த ஸ்பிரேயை அடித்தோ கிள்ளியோ எங்கே வரை மரத்திருக்கிறது என்று சோதிப்பார்கள். அந்த நேரத்தில், மருத்துவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதையால் "பரவாயில்லை, சரியாக இருக்கிறது" என்று நம் பெரியவர்கள் சொல்லிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். குளிர்ச்சி தெரிந்தால் தெரிகிறது என்றே சொல்ல வேண்டும். அழுத்தம் தெரிவது வேறு, கூர்மையான வலி தெரிவது வேறு. இரண்டாவதை எந்த நேரத்திலும் உரக்கச் சொல்லுங்கள்.

தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

தென்னாப்பிரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பவர் மருத்துவராகவே இருப்பார். அறுவை செய்பவர் கவனம் முழுவதும் அறுவையில் இருப்பதால், உங்கள் தலைமாட்டில் இருந்து உங்களை மட்டுமே பார்க்கும் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப், மார்பில் இதயத் துடிப்பு வரைபடத்துக்கான ஒட்டிகள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இறுகும் இரத்த அழுத்தப் பட்டை ஆகியவை எப்போதும் இருக்கும்.

விரல் கிளிப்பை மட்டும் நம்புவது போதாது. ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு மூச்சு குறைந்த பிறகும் நெடுநேரம் எண் நன்றாகவே காட்டும். கருத்த தோல் உடையவர்களுக்கு அந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவியும் இருந்தால்தான் மூச்சு மந்தமாவது உடனுக்குடன் தெரியும். உங்கள் பங்குக்கு, நகப் பூச்சை முந்திய நாளே அழித்துவிடுங்கள். விரல் நுனியில் கருமையான மருதாணி இருந்தால் செவிலியரிடம் காட்டுங்கள்.

அப்பா இரவெல்லாம் குறட்டை விடுவார், நடுவில் மூச்சு நின்று திணறி எழுவார். இதைச் சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்ல வேண்டும். அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அத்தகையவர்களுக்குச் சிறிதளவு தூக்க மருந்திலேயே தொண்டை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். முதுகு ஊசி அவர்களுக்கு நல்ல தேர்வு. அதனுடன் செடேஷனை மிகக் குறைப்பதோ தவிர்ப்பதோ இன்னும் நல்லது. இரவில் முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவியைப் பயன்படுத்துபவர் என்றால், அதையும் முகமூடியையும் மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

முதுகு ஊசிதானே, எதற்குப் பட்டினி? அதுவும் நான் புரட்டாசியில் விரதம் இருப்பவள்.

செடேஷனில் தொண்டையின் பாதுகாப்பு குறைகிறது. வயிற்றில் உணவு இருந்து மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மேலும், முன்பு சொன்னபடி எந்த நேரமும் முழு மயக்கத்துக்கு மாற வேண்டி வரலாம். ஆகவே லேசான உணவுக்குப் பின் ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்குப் பின் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. எண்ணெய்ப் பலகாரமும் இறைச்சியும் சாப்பிட்டிருந்தால் இன்னும் கூடுதல் நேரம். பால் சேர்ந்த தேநீர் உணவாகவே கணக்கிடப்படும். பால் கலக்காத ரூய்போஸ் தேநீர் தெளிந்த நீரில் சேரும்.

நம் வீடுகளில் விரதம் என்றால் புலால் தவிர்ப்பது என்று பொருள்கொள்வதால், மருத்துவமனையில் விரதமாக வரச் சொன்னார்கள் என்று ரொட்டியும் பால் தேநீரும் அருந்திவிட்டு வந்து, அறுவை தள்ளிப்போனவர்கள் உண்டு. கோயில் தீர்த்தம் ஒரு வாய் குடிக்க வேண்டுமென்றால், பாலோ பழத் துண்டோ சேராத வெறும் நீராக, குறித்த நேரத்துக்கு முன்பே அருந்திவிடுங்கள்.

வாரம் ஒருமுறை ஒசெம்பிக் ஊசி போடுகிறேன், சர்க்கரை மாத்திரையும் உண்டு. நிறுத்த வேண்டுமா?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் அறுவைக்கு ஒரு வாரத்துக்கு முன்பாவது மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஒசெம்பிக் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மேலே சொன்ன ஆறு மணி நேரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், முந்திய நாள் முழுவதும் திரவ உணவே போதும் என்று சொல்லக்கூடும். அந்த மருந்து உடலில் பல நாட்கள் தங்குவதால், முந்திய நாள் மட்டும் ஊசியைத் தவிர்ப்பதில் பயனில்லை. டபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. பொதுவாக மூன்று நாட்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் தினமும் கேன் ஸ்பிரிட் என்ற சாராயம் குடிப்பவர், டக்காவும் (கஞ்சா) புகைப்பார். மருத்துவரிடம் சொன்னால் அவமானமாகிவிடாதா?

சொல்லாமல் இருப்பதே ஆபத்து. தினமும் குடிப்பவர்களுக்கும் கஞ்சா பழக்கம் உள்ளவர்களுக்கும் வழக்கமான அளவு தூக்க மருந்து போதாமல் போகலாம். காரணம் தெரியாத மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரும். குடியைத் திடீரென நிறுத்தி வார்டில் படுத்திருப்பவருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கமும் குழப்பமும் வரும். அதை மயக்க மருந்தின் விளைவு என்று தவறாக எண்ணிவிடுவார்கள். பெரியவர்கள் தம் வீட்டில் தனிப்பட்ட முறையில் டக்கா பயன்படுத்துவது குற்றமாகாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துவிட்டதால், சட்டத்துக்கு அஞ்சி மறைக்கவும் தேவையில்லை.

நான் முட்டைகூடத் தொடாத சைவம். அந்த வெள்ளை மருந்தில் முட்டை இருக்கிறதாமே?

உண்மைதான். புரொபோஃபால் நீரில் கரையாது. அதனால் சோயா எண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலிருந்து சுத்திகரித்த லெசித்தினிலும் கலக்கப்பட்டிருக்கிறது. மருந்தின் வெண்மைக்கு அதுவே காரணம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் பெரும்பாலும் வெள்ளைக் கருவின் புரதத்துக்கே ஒவ்வாதவர்கள் என்பதால், அவர்களுக்கும் இந்த மருந்து பொதுவாகப் பாதுகாப்பாகவே தரப்படுகிறது. ஆனாலும் ஒவ்வாமையைச் சொல்லிவிட வேண்டும்.

சமய நெறியால் வேண்டாம் என்பவர்கள் தயங்காமல் சொல்லலாம். மிடாசோலமோ டெக்ஸ்மெடிடோமிடினோ தரலாம், அல்லது செடேஷனே இல்லாமல் செய்யலாம். அறுவைக்குப் பின் இரத்தக்கட்டு வராமல் வயிற்றில் போடும் ஹெப்பாரின் வகை ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுபவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்கும் மாற்று உண்டு. ஆயினும் உயிர் காக்கும் அவசரத்தில் கைக்கு எட்டும் மருந்தை ஏற்றுக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

தூக்கத்தில் வீட்டு விஷயத்தையெல்லாம் உளறிவிடுவேனா?

சிலர் சற்றுத் தாராளமாகப் பேசுவார்கள். பெரும்பாலோர் குறட்டைதான் விடுவார்கள். இரகசியத்தை வரவழைக்கும் மருந்து எதுவும் இதில் இல்லை. அரங்கில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு.

ஆயாவுக்கு 84 வயது. மயக்கம் கொடுத்தால் நினைவு தப்பிவிடும் என்கிறார்கள். முதுகு ஊசி என்றால் அந்தப் பயம் இல்லையா?

அறுவைக்குப் பின் முதியவர்களுக்கு வரும் குழப்பம் உண்மையானது. இடம் தெரியாது, இரவில் எழுந்து குழாயைப் பிடுங்குவார்கள், இறந்துபோனவர்களைக் கூப்பிடுவார்கள். முதுகு ஊசியே போட்டால் அது வராது என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2021-இல் வெளியான, இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ரீகெய்ன் ஆய்வில், முதுகு ஊசி பெற்றவர்களுக்கும் முழு மயக்கம் பெற்றவர்களுக்கும் குழப்பம் ஏறக்குறைய ஒரே அளவிலேயே வந்தது. அறுபதாம் நாளில் நடக்கும் திறனிலும் உயிர்வாழ்விலும்கூட வேறுபாடு காணப்படவில்லை. அங்கே முதுகு ஊசி பெற்றவர்களில் பெரும்பாலோர் தூக்க மருந்தையும் பெற்றிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆழமான செடேஷன்தான் குழப்பத்துக்குக் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனாலும் எண்பது கடந்தவர்களுக்கு, குறிப்பாக ஏற்கெனவே மறதி உள்ளவர்களுக்கு, மிடாசோலத்தைத் தவிர்த்து, தேவையான மிகக் குறைந்த அளவிலேயே வேறு மருந்தைத் தரச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறேன். மூக்குக் கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அரங்கு வாசல் வரை, முடிந்தால் அரங்குக்குள்ளும், ஆயாவிடமே இருக்கட்டும். கண் விழித்ததும் தெரிந்த முகம் ஒன்று அருகில் இருப்பது மிகுந்த நன்மை தரும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அரைத் தூக்கத்தில் தமிழில் பேசினால் யாருக்குப் புரியும்?

மிக நியாயமான கவலை. இங்கே பெரும்பாலான ஊழியர்கள் பேசுவது ஆங்கிலமும் இசிசூலு எனும் சூலு மொழியும். தெளிவாக இருக்கும்போது சமாளிக்கிற ஆங்கிலமும் மருந்து ஏறியதும் போய்விடும். ஒருமுறை ஓர் அம்மையார் "மூச்சு, மூச்சு" என்று முனகிக்கொண்டே முகமூடியைத் தள்ளினார். அவர் முரண்டு பிடிக்கிறார் என்று எண்ணி இன்னும் சிறிது தூக்க மருந்து தரப்போன நேரத்தில், நான் அருகில் இருந்ததால் அவர் சொன்னதை மருத்துவருக்குச் சொல்ல முடிந்தது. ஆக்சிஜன் குழாய் மடங்கியிருந்தது. அமைதியின்மைக்கு மூச்சுக் குறைவு, இரத்த அழுத்தம் இறங்குவது, வலி, நிறைந்த சிறுநீர்ப்பை எனப் பல காரணங்கள் இருக்கலாம். மிடாசோலமே சிலரை அமைதிப்படுத்தாமல் கிளர்ந்தெழச் செய்வதும் உண்டு.

ஆகவே ஒரு சிறிய அட்டையில் வலி, மூச்சு, வாந்தி, குளிர், சிறுநீர் ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் உச்சரிப்பாகவும் எதிரே பொருளுமாக எழுதி, கோப்பின் முன்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய கல்வி நிலைக்கு ஏற்ப, இயன்றவரை விளக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் ஆறாவது பிரிவில் சொல்கிறது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது மகளோ பேரனோ கூட இருந்து மொழிபெயர்க்கட்டும், தூக்க மருந்து ஏறுவதற்கு முன்பே.

பிரசவ அறுவைக்கும் முதுகு ஊசிதான் போட்டார்கள், ஆனால் தூங்க வைக்கவில்லை. ஏன்?

கொடுக்கும் மருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேரும். பிறந்தவுடன் குழந்தை சோர்ந்திருக்கலாம். கருவுற்ற பெண்ணின் வயிற்றில் உள்ளது மேலே வரும் வாய்ப்பும் கூடுதல். குழந்தையின் முதல் அழுகையைத் தாய் கேட்க வேண்டும், நினைவில் வைக்க வேண்டும் என்பதும் உண்டு. குழந்தை வெளியே வந்த பிறகு, தாய் மிகவும் பதறினால், சிறிதளவு தரலாம். வலி தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மேலே தந்த விடையே இங்கும் பொருந்தும், இன்னும் கண்டிப்பாக.

பெரியப்பாவின் புராஸ்டேட் அறுவையில் ஆழ்ந்து தூங்க வைக்க மருத்துவர் மறுத்துவிட்டார். அவர் அவ்வளவு கேட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

அது பெரியப்பாவின் நன்மைக்கே. சிறுநீர்ப் பாதை வழியே செய்யும் புராஸ்டேட் அறுவையில் தொடர்ந்து திரவம் பாய்ச்சிக் கழுவுவார்கள். கிளைசின் கலந்த திரவம் பயன்படுத்தப்பட்டால், வெட்டுப்பட்ட குழாய்கள் வழியே அது உடலுக்குள் ஈர்க்கப்பட்டு, இரத்தத்தில் சோடியம் சரிந்துவிடும். அதன் முதல் அடையாளங்கள் அமைதியின்மை, குமட்டல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல். விழித்திருப்பவர் பேச்சு மாறினால் உடனே தெரியும், அறுவையை நிறுத்திவிடலாம். ஆழ்ந்து தூங்குபவரிடம் அது வெகு தாமதமாகவே தெரியும். இப்போது உப்பு நீரைப் பயன்படுத்தும் கருவிகள் வந்து இந்த அபாயம் குறைந்திருக்கிறது. எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தனியார் மருத்துவமனையில் இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

மயக்க மருத்துவரின் கட்டணச் சீட்டு மருத்துவமனைச் சீட்டிலிருந்து தனியாக வரும். நேரத்தையும் பொறுத்து அமையும். மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் முழுவதையும் ஏற்காமல் போகலாம். மேலே சொன்ன அதே சட்டப் பிரிவு, ஒவ்வொரு வழியின் நன்மை, தீமையோடு செலவையும் சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே அறுவைக்கு முன்பே மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு, உங்கள் திட்டத்திடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். செடேஷன் வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அறுவை முடிந்து வார்டுக்கு வந்த பிறகு, கூட இருக்கும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

தூக்கம் முதலில் தெளியும், கால்கள் அதற்குப் பின் சில மணி நேரம் மரத்தே இருக்கும். தெளிவாகப் பேசுகிறாரே என்று எழுந்து நடக்க விட்டுவிடாதீர்கள்; முதல் முறை எழும்போது செவிலியர் கூட இருக்க வேண்டும். சிறுநீர் பிரியாமல் வயிறு உப்பினால் சொல்லுங்கள். அன்றே வீடு திரும்புபவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, மது அருந்தக் கூடாது, பத்திரம் எதிலும் கையெழுத்திடக் கூடாது; இரவில் ஒருவர் உடன் தங்க வேண்டும். உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் தலைவலி அடுத்த ஓரிரு நாட்களில் வந்தால் அது முதுகு ஊசியால் வந்ததாக இருக்கலாம்; மெல்லிய பென்சில் முனை ஊசிகளால் இது நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது, வந்தால் சிகிச்சையும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் நோவு இருப்பது இயல்பு.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ரிவரோக்சபான் போன்ற இரத்தம் உறையாமை மருந்துகள் சாப்பிடுபவர்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். அவர்களுக்கு எந்த மருந்தை எத்தனை நாளைக்கு முன் நிறுத்துவது என்று மருத்துவர் குறித்திருப்பார். அதை அறுவைக்குப் பின் மறுபடி எப்போது தொடங்குவது என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். உணர்ச்சி திரும்பிய கால் மீண்டும் மரத்தாலோ, பலவீனமடைந்தாலோ, முதுகில் புதிதாகக் கடும் வலி கிளம்பினாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, முதுகெலும்புக்குள் இரத்தம் கட்டியிருக்கக்கூடும். அப்போது காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்காமல், இரவு எந்நேரமானாலும் மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்துவிட்டிருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.